சத்தம் வராத வெடி

எங்கள் பட்டாளத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். அதிலிருந்து இன்னும் பென்ஷன் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், நானும் ஒருவன். பாறை உடைப்பது, பாலம் கட்டுவது, கட்டிய பாலத்தை எதிரி வருவதற்குள் நாங்களே உடைப்பது, இவைதான் எங்கள் தொழில். பெங்களூர் கண்டோன்மெண்டில் அல்சூர் ஏரிக்குக் கொஞ்சம் தள்ளி இருந்தோம். பெரிய சண்டை முடிந்து மெசபடோமியாவிலிருந்து திரும்பி மூன்றாவது வருஷம். நான் அப்போது லான்ஸ் நாயக் மதலைமுத்து. சட்டைக் கையில் ஒரே ஒரு பட்டை.

அந்த ஒற்றைப் பட்டைதான் என் சங்கடம். கல்யாணமானவர்களுக்கென்று பதினெட்டு ஓட்டு வீடுகள் ஒரே வரிசையில் இருந்தன. பேமிலி லைன் என்பார்கள். இரண்டு பட்டை போட்ட நாயக்கும் அதற்கு மேலே உள்ளவர்களும்தான் அங்கே குடும்பம் நடத்தலாம். ஒற்றைப் பட்டைக்காரன், அங்கே வீடு காலியாக இருந்தால், பெண்டாட்டியை வருஷத்தில் முப்பது நாள் விருந்தாளியாக வைத்துக்கொள்ளலாம். முப்பத்தோராம் நாள் ரயிலேற்றிவிட வேண்டும். ஏற்றாவிட்டால் பட்டாளமே ஏற்றிவிடும், டிக்கெட் செலவு நம்முடையது.

என் மனைவி ஜோசஃபின் அப்படித்தான் வந்து இறங்கினாள். ஊர் மணப்பாடு, திருச்செந்தூருக்குத் தெற்கே கடற்கரை. கையில் ஒரு தகரப்பெட்டி, அதில் நாலு சேலை, ஒரு மாதா படம், இரண்டு படி கருவாடு. முப்பது நாளுக்கு அது போதும் என்று அவள் கணக்கு. பிறந்ததிலிருந்து கடலை விட்டு ஒரு மைல் தள்ளி அவள் தூங்கியதில்லை. வந்த அன்றே கடல் எந்தப் பக்கம் என்று கேட்டாள். அல்சூர் ஏரியைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, இதற்கு அலை எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டாள். மார்க்கெட்டில் மீனைப் பார்த்துவிட்டு, இது செத்து இத்தனை நாளாகியும் அடக்கம் பண்ணாமல் வைத்திருக்கிறார்களே என்று சிலுவை போட்டுக்கொண்டாள். குளிருக்கு என் மிலிட்டரி கோட்டைப் போட்டுக்கொண்டு சமைத்தாள். இங்கேயே இருந்துவிடுகிறாயா என்று நான் பத்துத் தடவை கேட்டிருப்பேன். பத்துத் தடவையும் அடுப்பைத்தான் ஊதினாள்.

அவள் ஆசை என்னவென்று எனக்குத் தெரியாது. என் ஆசை எனக்குத் தெரியும். மெசபடோமியாவில் மூன்று வருஷம் மணலைத் தின்றவனுக்கு, ஒரு வீட்டில் மனைவியோடு உட்கார்ந்து சாப்பிடுவது அல்லாமல் வேறென்ன ஆசை இருக்கும்? அதற்கு இரண்டாவது பட்டை வேண்டும். இரண்டாவது பட்டைக்கு வழியாக இருந்தது ஒரு பாறை.

தொம்மலூர் போகிற பக்கம், பட்டாளம் புதிதாகப் போட்ட ரஸ்தாவின் நட்ட நடுவில் அது உட்கார்ந்திருந்தது. உயரம் இரண்டு யானை. அந்த ஊர்க்காரர்கள் அதை மொண்டுக்கல்லு என்பார்கள். கன்னடத்தில் மொண்டு என்றால் பிடிவாதம். எங்கள் ஆட்கள் நாலு தடவை அதற்கு வெடி வைத்தார்கள். முதல் வெடியில் பாறை மேலே காய்ந்துகொண்டிருந்த கேழ்வரகு மட்டும் சிதறியது. இரண்டாவதில் அதுவும் சிதறவில்லை. மூன்றாவது வெடிக்குப் பிறகு அளந்து பார்த்ததில் பாறை இரண்டு அங்குலம் வளர்ந்திருந்தது. நான்காவது வெடி வைத்த நாயக் இன்னொரு பட்டாளத்துக்கு மாற்றல் கேட்டுப் போய்விட்டான். கேப்டன் துரைக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. எவன் இதை உடைக்கிறானோ அவனுக்கு மறுநாளே ஒரு பட்டை என்று சொல்லிவிட்டார். என் முறை வந்தபோது ஜோசஃபினுக்கு அது இருபத்தேழாம் நாள்.

பேமிலி லைனில் பெண்களுக்கும் ஒரு பரேடு உண்டு. வெடி வைக்கிற நாளில் முதல் பிகில் ஊதியதும் பரணிலும் மாடத்திலும் இருக்கிற பானை சட்டி எல்லாவற்றையும் தரைக்கு இறக்கிவிட வேண்டும். பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு, அரிசிப் பானை மூடியின்மேல் உட்கார்ந்து, காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். வெடித்த பிறகு இரண்டாவது பிகில் ஊதும். அப்புறம் எழுந்து பாதியில் விட்ட சண்டையையோ சமையலையோ தொடரலாம். இந்த பரேடுக்குத் தலைவி ஹவில்தார் ஞானசேகரனுடைய சம்சாரம் பியாட்ரிஸ் அக்கா. பிறந்து வளர்ந்தது ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கம். பதினெட்டு வருஷமாக வெடிச் சத்தம் கேட்டவள். வெடியைக் கேட்டே மருந்து எத்தனை பவுண்டு என்று சொல்லிவிடுவாள். ஸ்டோர் கிளார்க் தன் கணக்கை அவளிடம் சரிபார்த்துக்கொண்ட நாட்களும் உண்டு.

அந்த நாலு வெடியும் ஜோசஃபின் வருவதற்கு முன்னால், அவள் வெடியே கேட்டதில்லை. அதனால் ஒரு வாரமாகவே பியாட்ரிஸ் அக்கா அவளைத் தயார் செய்திருந்தாள். சத்தம் நெஞ்சை அடைக்கும், காது இரண்டு நாள் கூவும், கர்ப்பிணியாக இருந்தால் பிள்ளை அங்கேயே எழுந்து உட்காரும் என்றெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். ஜோசஃபின் பயப்படவில்லை. வந்ததற்கு அதையாவது கேட்டுவிட்டுப் போகலாம் என்று இருந்தாள்.

அன்று காலை, வெடி வைக்கப் போகிற ஹவில்தார், நான், இன்னும் மூன்று பேர், ஆக எங்கள் ஐந்து பேருக்கும் மத்தியான சாப்பாட்டை அவளே சமைத்தாள். தகரப்பெட்டியில் மிச்சமிருந்த கருவாடு முழுவதையும் கத்தரிக்காயோடு போட்டு ஒரு குழம்பு. அது கொதித்தபோது எதிர் லைனில் இரண்டு பேர் பரேடில் திசை தப்பி எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டார்கள். சோற்றையும் குழம்பையும் இரண்டு அடுக்குத் தூக்கில் போட்டு மூடி, துணியில் கட்டிக் கொடுத்தாள். பாறையிலிருந்து இருநூறு கஜம் தள்ளி ஒரு கல்சுவர் எழுப்பி வைத்திருந்தோம், ஒளிந்துகொள்ள. அதன் பக்கத்துப் புளியமரத்தில் தூக்கை மாட்டினோம். மரத்துக்கு முன்னால் சிவப்புக் கொடி. அதைத் தாண்டிப் பொம்பளையோ பிள்ளையோ வந்தால் வீட்டுக்காரனுக்குத் தண்டனை.

பத்து மணிக்கு முதல் பிகில். மூன்று துளை, துளைக்கு இவ்வளவு என்று மருந்து கிட்டித்து வைத்திருந்தேன். எட்டடித் திரி, நாலு நிமிஷம் எரியும். பற்றவைத்துவிட்டு ஓடிவந்து சுவருக்குப் பின்னால் குப்புறப் படுத்தேன். ஏற்கெனவே நாலு பேரும் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு படுத்திருந்தார்கள். ஹவில்தார் ஞானசேகரன் பஞ்சு விஷயத்தில் கண்டிப்பானவர். பாறையைப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பும்வரை யாரும் பஞ்சை எடுக்கக் கூடாது. ஒருவருக்கொருவர் கை ஜாடைதான்.

படுத்து இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். பூமி வயிற்றுக்குக் கீழே ஒரு தரம் புரண்டு படுத்தது. பிறகு முறத்தில் நெல் புடைப்பதுபோல் எங்களைப் புடைத்தது. நான் என் ஆயுளில் நூற்றுக்கணக்கில் வெடி வைத்திருக்கிறேன். இவ்வளவு நீளமாக, இவ்வளவு சீராக, கொடுத்த மருந்துக்கு இத்தனை விசுவாசமாக ஒரு வெடியும் வேலை செய்ததில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது. திரி சீக்கிரம் எரிந்துவிட்டது போல என்று ஹவில்தார் ஜாடையில் சொன்னார். என் முதுகில் தட்டினார். பிறகு தன் கையில் இருந்த பட்டையைத் தொட்டு, என்னைச் சுட்டி, இரண்டு விரலைக் காட்டினார்.

எட்டிப் பார்த்தோம். ஒரே செம்மண் புழுதி. புழுதிக்குள் பாறை இருந்தது, ஆனால் நேராக இல்லை, ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. உள்ளே பிளந்துவிட்டது, கடப்பாரையால் தொட்டால் விழும் என்று எங்களுக்குத் தீர்மானம். வெடிக்காமல் போன மருந்தாக இருந்தால் அரைமணி நேரம் கிட்டே போகக் கூடாது என்பது சட்டம். வெடித்த மருந்துக்கு ஐந்து நிமிஷம்தான். ஹவில்தார் கடிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.

பேமிலி லைனில் நடந்ததை ஜோசஃபின் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் பொய் சொல்ல மாட்டாள், எங்கள் வீட்டில் அந்த வேலை என்னுடையது. பதினெட்டுப் பெண்களும் பதினெட்டு அரிசிப் பானைமேல் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் காதைப் பொத்தியிருக்க, சத்தத்தைக் கேட்டே ஆக வேண்டும் என்று இவள் மட்டும் கையை எடுத்துவிட்டிருந்தாள். தரை ஆடியது. பியாட்ரிஸ் அக்கா பானையோடு நகர்ந்து நகர்ந்து தன் வாசலைக் கடந்து பக்கத்து வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தாள். அப்புறம் அளந்தோம், பதினோரு அடி. உப்புக் கரித்த கிணறு அன்றைக்கு மட்டும் இனித்தது. லாயத்தில் நின்ற கோவேறு கழுதை ஒன்று, சேர்ந்த நாளிலிருந்து முதல் முறையாக, சொன்ன பேச்சைக் கேட்டு உட்கார்ந்தது.

ஆட்டம் நின்றதும் பெண்கள் எழுந்து சேலையை உதறிக்கொண்டு, இந்தத் தடவை மருந்து கொஞ்சம் ஜாஸ்திதான் என்று பேசிக்கொண்டார்கள். பியாட்ரிஸ் அக்கா அறுபது பவுண்டு என்று மதிப்புச் சொன்னாள். நான் வைத்தது பதினெட்டு. ஜோசஃபின் மட்டும் பானையை விட்டு எழுந்திருக்கவில்லை.

"சத்தம் எங்கக்கா?"

"இன்னாம்மா கேக்கறே? வீடே ஆடிச்சு, பாக்கலையா?"

"ஆட்டம் வந்துச்சு. நெஞ்சை அடைக்கும்னு சொன்னிய, காது கூவும்னு சொன்னிய. நான் காதைத் தொறந்துதான வச்சிருந்தேன். உறுமுன மாதிரி இருந்துச்சே தவிர, வெடி கேக்கலையே."

அது புது மருந்து, சத்தம் போடாமல் வேலை செய்யும், சொல்ப நாளில் உனக்கே பழகிவிடும் என்று பியாட்ரிஸ் அக்கா சமாதானம் சொன்னாள். பதினெட்டு வருஷம் கேட்டவளுக்கு அதில் சந்தேகம் வரவில்லை. ஆடினால் வெடி என்றுதான் அந்த லைனில் எல்லோருக்கும் பழக்கம். ஒரு வெடிகூடக் கேட்டிராத ஜோசஃபினுக்குத்தான் கணக்கு இடித்தது. சத்தம் வர வேண்டும், வரவில்லை. வரவில்லை என்றால் அது இன்னும் பாறைக்குள்ளேயே இருக்கிறது. நான் அதன் கிட்டே போய் நிற்கப் போகிறேன்.

இரண்டாவது பிகில் ஊதுவதற்குள் அவள் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினாள். அரை மைல். கடற்கரை மணலில் ஓடிப் பழகிய கால், கெட்டித் தரையில் அதற்குப் பிரேக் இல்லை. சிவப்புக் கொடியைத் தாண்டிச் சுவரண்டை வந்தபோது நாங்கள் ஐந்து பேரும் பாறையை நோக்கி அறுபது எழுபது அடி நடந்திருந்தோம்.

கூப்பிட்டாள். மணப்பாட்டில் அலைக்கு அப்பால் நிற்கும் வள்ளத்தைக் கரையிலிருந்து கூப்பிடுகிற குரல் அது, தொம்மலூர் மாடுகள் எல்லாம் திரும்பிப் பார்த்தனவாம். எங்கள் காதில் பஞ்சு. தற்செயலாக நான் திரும்பியபோது அவள் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தாள். ஆஹா, பாறை உடைந்த சந்தோஷத்தில் வந்துவிட்டாள் என்று நானும் இரண்டு கையையும் ஆட்டினேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். நான் தொப்பியைக் கழற்றி ஆட்டிவிட்டு மறுபடி நடந்தேன்.

அடுத்து என் முதுகில் ஒரு கல் விழுந்தது. ஹவில்தாரின் முண்டாசில் இன்னொன்று விழுந்தது. கல்லெறிந்ததை ஜோசஃபின் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஐந்து பேரும் திரும்பினோம். அவள் புளியமரத்திலிருந்து எங்கள் சாப்பாட்டுத் தூக்கை இறக்கி, மூடியைத் திறந்து, எங்களுக்குத் தெரியும்படி ஒரு தரம் சாய்த்துக் காட்டி, மூடி, இடுப்பில் வைத்துக்கொண்டு எதிர்த் திசையில் ஓட ஆரம்பித்தாள்.

மெசபடோமியாவில் துருக்கிக்காரன் சுட்டபோதுகூட எங்கள் கம்பெனி அவ்வளவு ஒற்றுமையாகத் திரும்பியதில்லை. காலை எட்டு மணியிலிருந்து அந்தக் குழம்பின் நினைவாகவே வேலை செய்தவர்கள் நாங்கள். கடப்பாரையைப் போட்டுவிட்டு ஐந்து பேரும் ஓடினோம். எல்லோருக்கும் முன்னால் ஹவில்தார் ஞானசேகரன், வயது நாற்பத்தாறு. அவள் கல்சுவரைச் சுற்றிப் பின்னால் போய், தூக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் சுற்றி நின்று கத்தினோம். பஞ்சு அடைத்தவன் கத்தினால் அவன் கத்துவது அவனுக்கே கேட்காது, அதனால் இன்னும் உரக்கக் கத்துவான். நடுவில் இவள் வாய் அசைவது தெரிந்தது. என்ன திட்டுகிறாள் என்று தெரிந்துகொள்வது புருஷன் கடமை. ஒரு காதிலிருந்து பஞ்சை எடுத்தேன்.

"இன்னும் வெடிக்கலைங்க" என்றாள்.

"எது?"

பாறை பதில் சொன்னது. நான் பஞ்சை எடுத்த அந்த இடது காது அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்துக்கு மட்டுமே உதவுகிறது. சுவருக்கு மேலே கல் பறந்தது. சிறு துண்டுகள் எல்லாம் ஏரியில் விழுந்து மீன் அடித்தன. பசுமாட்டின் அளவில் ஒரு துண்டு, நாங்கள் ஐந்து பேரும் கடப்பாரையைப் போட்டுவிட்டு வந்தோமே, அந்த இடத்தில் விழுந்து ஒரு முழம் தரையில் புதைந்தது. கடப்பாரை ஒன்றை அதன் அடியிலிருந்து பிறகு எடுத்தோம். அரிவாள் மாதிரி வளைந்திருந்தது. ஹவில்தார் தூக்கைத் திறந்தார். அப்படியே தரையில் உட்கார்ந்து எல்லோரும் சாப்பிட்டோம். ஜோசஃபின் பரிமாறினாள், முண்டாசில் கல் வாங்கிய ஹவில்தாருக்கு மட்டும் குழம்பு அதிகமாக விழுந்தது.

பாதிச் சாப்பாட்டில் கேப்டன் துரை குதிரைமேல் வந்தார். இடுப்பில் துண்டு, உடம்பெல்லாம் காய்ந்த சோப்பு. முன்னே அஸ்ஸாமில் இருந்தவர் அவர். அங்கே மாதத்துக்கு ஒரு தடவை பூமி ஆடுமாம். குளிக்கும்போது ஆடியதும் இது பூகம்பம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பழக்கத்தில் குளியலறை மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டார். தொம்மலூர் ரஸ்தாவில் ஐந்து பேர் வெடியோடு இருக்கிறோம் என்பது மேஜைக்கு அடியில் கால் மணி நேரம் கழித்துத்தான் ஞாபகம் வந்தது. நடந்தது என்ன என்பது எங்களுக்கு அவர் சொல்லித்தான் புரிந்தது. ஆட்டத்தில் ஒரு கல் உருண்டு திரியின்மேல் உட்கார்ந்து, நெருப்பை அணைக்காமல் அமுக்கி வைத்திருக்கிறது. திரி பீடி மாதிரி நிதானமாகப் புகைந்துகொண்டு போயிருக்கிறது.

அவர் கொடியைப் பற்றிக் கேட்கவில்லை. நாங்கள் துண்டைப் பற்றிக் கேட்கவில்லை.

மறுநாள் பட்டாள ஆபீஸ் கச்சேரியில் என்னையும் ஜோசஃபினையும் கூப்பிட்டார்கள். சுபேதார் ஜெயராஜ் மொழிபெயர்ப்புக்கு நின்றார். பாறை உடைந்தது உண்மை, உடைத்த மருந்து மதலைமுத்து வைத்தது, ஆகவே வாக்குப்படி பட்டை அவனுக்கு என்று துரை கையெழுத்துப் போட்டார். விருந்தாளியாக இருந்த பதினேழாம் நம்பர் வீடே இனி எங்களுக்கு. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை, இந்தத் தடவை பூமி அதற்குக் காரணம் அல்ல. பிறகு துரை ஜோசஃபினைப் பார்த்து, ஐந்து உயிரைக் காப்பாற்றியவள், என்ன வேண்டுமோ கேட்கட்டும் என்றார். சுபேதார் அதை இன்னும் நீட்டி, காசு கேள், கம்மல் கேள் என்று ஜாடையும் சேர்த்துச் சொன்னார்.

ஜோசஃபின் தலை குனிந்தபடி, "ஊருக்குப் போவணும். ரயில் டிக்கெட் வேணும்" என்றாள்.

துரைக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை, என் முகத்திலேயே எழுதியிருந்தது. புதுப் பட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிடலாமா என்று தோன்றியது. தரை ஆடுகிற ஊரில் யார்தான் இருப்பார்கள்? அவளைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. சுபேதார்தான் கேட்டார், ஏம்மா, வீடு கொடுத்திருக்கிறார்களே, ஊருக்கு எதற்கு என்று.

"முப்பது நாளைக்குன்னுதான ஒரு பெட்டியோட வந்தேன். என் சாமான் சட்டெல்லாம் அங்கனதான கெடக்கு. எடுத்துட்டு வர வேண்டாமா?"

சுபேதார் அதை இங்கிலீஷில் சொன்னார். துரை போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு டிக்கெட்டுக்கு எழுதிவிட்டு, நிறுத்தி, சாமானுக்கு என்று இன்னொரு சீட்டும் எழுதினார். அந்தச் சீட்டில் எடை குறிக்காமல் விட்டதற்காக ரயில்வேக்காரர்கள் அவரோடு ஆறு மாதம் கடிதம் நடத்தினார்கள்.

மூன்று வாரம் கழித்துக் கண்டோன்மெண்ட் ஸ்டேஷனுக்கு நானும் ஹவில்தாரும் மாட்டுவண்டியோடு போனோம். ஒரு வண்டி போதாது என்பது ரயில் நிற்பதற்கு முன்பே வாசனையில் தெரிந்தது. ஏழு மூட்டை கருவாடு, இரண்டு பெட்டி, ஒரு தொட்டில், மூன்று உப்பு மூட்டை. கடைசியாகப் பிரேக் வேனிலிருந்து நாலு போர்ட்டர்கள் சாக்கில் சுற்றிய ஒன்றை மூச்சுப் பிடித்து இறக்கினார்கள். பிரித்துப் பார்த்தால் ஒரு அம்மிக்கல்.

ஹவில்தார் ஞானசேகரன் அதைச் சுற்றி வந்தார். முப்பது வருஷமாகக் கல் உடைத்துச் சாப்பிடுகிறவர். பெங்களூரில் எங்கே தோண்டினாலும் கல்தானே, ஐந்நூறு மைல் ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறாயே என்று மெதுவாகக் கேட்டார்.

"ஒங்க ஊருக் கல்லை எப்படியண்ணே நம்புறது?" என்றாள் ஜோசஃபின். "அது ஆடுது."